கேட்காமல் சொன்ன பெயர்

அந்தச் சிவப்பு அட்டை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பழைய மருந்துப் பெட்டியிலிருந்து வெட்டிய துண்டு. அதன்மேல் சிவப்பு மையைத் தடவி, கட்டுத்துணி நூலால் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் யாரோ கட்டியிருந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை, எழுதத் தேவையும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவப்பு அட்டை தொங்கினால் அதில் கிடப்பவருக்கு எய்ட்ஸ் என்பது வார்டு பெருக்குகிறவரிலிருந்து பால் கொண்டுவருகிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். காலையில் சுற்றிப் பார்க்க வந்த மேட்ரன் அதன் முன்னால் நின்றார். நூலை அவிழ்க்கும் பொறுமை அவருக்கு இல்லை, பிய்த்தே எடுத்தார். "யாரு கட்டுனா? இது என்ன ரேஷன் கடையா, போர்டு மாட்டுததுக்கு?" என்று கேட்டார். அட்டையைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கட்டிலில் கிடந்தவளின் நெற்றியில் கை வைத்து, "சாப்ட்டியா பிள்ள?" என்றார். கையுறை போடாத கை.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. கோபம்தான் எழுத வைக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் செய்தது தொண்டா, ஆள் பிடிக்கும் வேலையா என்று இப்போது தொலைக்காட்சியில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே சண்டை. ஒருவர் மிஷன் கட்டடங்களின் படத்தை அனுப்புகிறார். இன்னொருவர் மதம் மாறியவர்களின் கணக்கை அனுப்புகிறார். இரண்டையும் படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இந்த இரண்டு தரப்பும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலில் கிடந்தவளைத்தான் இருவருமே பார்க்கவில்லை.

நான் சிட்லபாக்கத்துப் பெண். அப்பா டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தார். கூட்டம் இருக்கும் நாட்களில் கறுப்புச் சட்டை போடுவார். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அம்மா மட்டும் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு சின்ன முருகர் படத்தை வைத்திருந்தார். அது அங்கே இருப்பது அப்பாவுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார். எத்தனையோ சாதி மறுப்புத் திருமணங்களை முன்நின்று நடத்தியவர், அதற்காகச் சொந்த அண்ணன் தம்பிகளின் பேச்சுவார்த்தையை இழந்தவர். எண்பதுகளின் கடைசியில் நான் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோது, கண்டவனைத் தொட்டுத் துடைக்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு என்று சித்தப்பாக்கள் சத்தம் போட்டார்கள். "போகட்டும். அதுலதான் உண்மையான வேலை இருக்கு" என்று சொன்னவர் அப்பா. படிக்க இடம் கொடுத்தது தாம்பரம் பக்கம் இருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி. படித்து முடித்ததும் அங்கேயே வேலையும் கிடைத்தது.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அப்பாவுக்கு மனக்குறை உண்டு. தினமும் காலையில் வார்டு ஒலிபெருக்கியில் ஜெபம் ஒலிக்கும். முடியாமல் கிடப்பவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கேட்டாகவேண்டும். சுவரெங்கும் வசனம். "ஒரு கையில ஊசி, ஒரு கையில புஸ்தகம்" என்று மேடையில் பேசுவார். நான் ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்: "நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதே மிஷன் ஸ்கூல்லதானேப்பா?" அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆமா. படிப்பு குடுத்தாங்க, மறக்கல. அந்த ஸ்கூல் இல்லன்னா நான் ஏரு ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்காக தப்ப தப்புன்னு சொல்லக் கூடாதா? நன்றிங்கறது வாயக் கட்டிப்போடறதா?" என்றார். இன்றைக்கும் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

மேட்ரன் நெல்லைச் சீமைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், உயரம், குரல் கனத்தது. தெய்வப் பிறவி என்றெல்லாம் அவரைச் சொல்லமாட்டேன். ஊர்ப் பாசம் அதிகம். அவர் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைக்கும், எங்களுக்குக் கிடைக்காது. தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தால் எல்லார் எதிரிலும் எடுக்கச் சொல்வார். நான் அவரை மனதுக்குள் திட்டாத வாரம் இல்லை. ஆனால் துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபம் செய்துவிட்டு வெளியே வருகிற அந்த மனுஷி, எந்த நோயாளியிடமும் நீ யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கட்டிலில் கிடந்தவள் கோவிலம்பாக்கத்துக்காரி. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா என்றே கூப்பிடுவேன். புருஷன் கல்குவாரி லாரி ஓட்டியவன். அவன் கொடுத்த நோய்தான், அவன் முதலில் போய்விட்டான். மகனைத் தின்றவள் என்று மாமியார் வீட்டில் துரத்தினார்கள். அவளும் அவளுடைய சின்னப் பெண்ணும் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். அம்மா மேடவாக்கம் பக்கம் கூடையில் மீன் விற்பவர். தனியார் நர்சிங் ஹோம்களில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த கையோடு ஆட்டோவை வரவழைத்துவிடுவார்கள். அப்படி ஓர் ஆட்டோவில்தான் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். சேர்க்கக் கூடாது, மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியின் நிர்வாகச் செயலர் சொன்னார். "அப்போ நீங்களே வாசலுக்குப் போயி அவகிட்ட சொல்லிருங்க" என்றார் மேட்ரன். செயலர் போகவில்லை. அவளுக்குக் கட்டில் கிடைத்தது.

சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மேட்ரன் போயிருந்த வாரம் அது. எனக்கு அப்போது பிரசவ வார்டில் வேலை. அக்காவுக்குக் காய்ச்சல் உச்சத்தில், நினைவு தப்பிப் பெனாத்திக்கொண்டிருந்தாள். செயலர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியாரை அழைத்துக்கொண்டு வந்து, அவள் தலையில் தண்ணீர் தெளித்து, ஞானஸ்நானம் கொடுத்து, புதுப்பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு பயிற்சி நர்ஸ் அந்தப் புதுப்பெயரைச் சொல்லி மாத்திரை நீட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னா சிஸ்டர், யார கூப்புடுற?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள்.

"எனக்கா? எப்போ? யாரக் கேட்டு?" எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "எம் பேரு எங்கம்மா வெச்சது. என்னாண்ட மிச்சம் கீறது அது ஒண்ணுதான். அத்தயும் புடுங்கிக்கினாங்களா?"

மேட்ரன் ஊரிலிருந்து திரும்பினார், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் செயலரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. தாழ்வாரத்தில் நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது. "அவ காய்ச்சல்ல சுயநினைவு இல்லாம கெடந்தா. அவ தலையில தண்ணி ஊத்திட்டு ஆத்துமாவக் காப்பாத்திட்டேன்னு சொல்லுதீயளா? ஈரத்துணி போடுத வேலைய நாங்க தெனமும்தான் செய்யுதோம், அதுக்கு யாரும் புதுப்பேரு வைக்கல." செயலர் தாழ்ந்த குரலில், நீங்களும் ஒரு விசுவாசிதானே என்றார். "விசுவாசிங்கதாலதான் கோவம் வருது. இல்லாட்டி எனக்கென்னன்னு போயிருப்பேன்." அன்றைக்கு அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கமாக வந்த டாக்டர் ஒருவர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் சரி. ஆண்டுதோறும் ஆஸ்பத்திரி மைதானத்தில் பந்தல் போட்டு நடத்தும் கன்வென்ஷன் கூட்டம் அடுத்த வாரமே வந்தது. தென்னைமரங்களில் குழல் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். செயலர் மேடையேறி, சாகக் கிடந்த ஒரு கோவிலம்பாக்கத்துச் சகோதரி கர்த்தரிடம் வந்து சேர்ந்த சாட்சியை உருக்கமாகச் சொன்னார். நோயின் பெயரையும் சொன்னார். அவருடைய வார்த்தை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. வார்டில் படுத்திருந்த அக்காவுக்கும் கேட்டது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்பாவுக்கும் கேட்டது. அவருடைய தொழிற்சங்கத்தில் கோவிலம்பாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் விசாரித்தால் யார் என்று தெரிந்துவிடாதா? சில நாள் கழித்து குரோம்பேட்டை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் அப்பா பேசினார். விளக்குக் கம்பத்தில் அதே மாதிரி குழல் ஒலிபெருக்கி. "அந்தப் பெண்ணின் உண்மையான பெயர் என்ன தெரியுமா?" என்று கேட்டு, பெயரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். சாதியைச் சொன்னார். சுயநினைவில்லாத ஏழைப் பெண்ணை மதம் மாற்றிய மோசடி என்றார். மோசடிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டம் கை தட்டியது. வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கிய நான், கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு பக்கம் அவளுடைய பெயரைப் பறித்தார்கள், இன்னொரு பக்கம் அதே பெயரை எடுத்துத் தெருவில் எறிந்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று இரண்டு மேடையிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கோவிலம்பாக்கத்தில் வீட்டுக்காரர் அக்காவின் அம்மாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரிடம் மீன் வாங்க ஆள் வரவில்லை. ஒரு மூட்டையையும் பேத்தியையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தார். மேட்ரன் தன் குவார்ட்டர்ஸின் முன்னறையைத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னிடம், "ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார். அவர் உட்காரவில்லை.

"ஐயா, கடவுள் இல்லன்னு சொல்லுங்க. அது ஒங்க இஷ்டம். எங்க ஆளு செஞ்சது அநியாயம்னு சொல்லுங்க. நானே அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் நிக்கேன். அந்தப் பிள்ள பேர எதுக்குச் சொன்னீய?"

"ஆதாரம் இல்லாம பேசினா பொய்ன்னு சொல்லிடுவாங்க, மேடம். நான் அவளுக்காகத்தான் பேசினேன்."

"அவளுக்காகவா? அவ ஒங்ககிட்ட கேட்டாளா? நீங்க அவளப் பாத்திருக்கியளா?"

அடுக்களை வாசலில் அம்மா டம்ளருடன் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க செயலரு அவ ஆத்துமா வேணும்னாரு. ஒங்களுக்கு ஆதாரம் வேணும். அவளுக்கு இப்ப வீடு இல்ல. அவ மவளுக்கு இந்த ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க? சொல்லுங்க."

காப்பியைத் தொடாமல் போய்விட்டார். அப்பா வெகுநேரம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் அப்பா வார்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "தப்புப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சிடு" என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிச்சி நான் இன்னா பண்ணப்போறேன்? எம் பொண்ண பட்ச்சிக்க வெப்பியா, அத்தச் சொல்லு முதல்ல" என்றாள். அப்பா தலையாட்டினார்.

பள்ளிக்கூடம் தேடி மேட்ரனும் அப்பாவும் சேர்ந்தே அலைந்த அந்தக் கோடை எனக்கு மறக்காது. ஒருத்தர் கழுத்தில் சிலுவை, இன்னொருத்தர் சட்டைப்பையில் சங்கத்துப் பேனா. முதலில் அஸ்தினாபுரம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் மேட்ரனுக்குத் தெரிந்தவர். செய்தி அவர் காதுக்கும் வந்திருந்தது. மற்ற பெற்றோர் எதிர்ப்பார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள், கர்த்தர் வேறு வழி திறப்பார் என்றார். மேட்ரன் எழுந்து, "அவரு திறந்த வழிய நீங்கதான் அடைச்சிட்டு உக்காந்திருக்கீய" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அடுத்தது அப்பாவின் நெருங்கிய தோழர் நடத்திய மெட்ரிகுலேஷன் பள்ளி. மேடையில் அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்காருபவர், மூடநம்பிக்கையைக் கிழிகிழி என்று கிழிப்பவர். "தோழர், எனக்கு ஒண்ணும் பயமில்ல. பேரன்ட்ஸ் ஒத்துக்கமாட்டாங்க. சின்னப் பசங்க விளையாடும்போது அடிபடும், ரத்தம் வரும்..." என்று இழுத்தார். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. அந்தத் தோழருடன் அதற்குப் பிறகு அவர் ஒரு மேடையிலும் ஏறவில்லை.

குழந்தைக்கு நோய் இல்லை. பரிசோதனை முடிவு மேட்ரனிடம் இருந்தது. "அதக் காட்டிட்டா சேத்துக்குவாங்களே" என்று அப்பா கெஞ்சினார். மேட்ரன் மறுத்துவிட்டார். "காட்டமாட்டேன். நாளைக்கு நோய் உள்ள பிள்ள ஒண்ணு வந்து நின்னா அதுக்கு எதக் காட்டுவீய?" இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்திக்கொண்டார்கள். பிடிவாதக்காரி, ஒரு குழந்தையின் படிப்பைவிட இவருக்குக் கொள்கை பெரிதாகிவிட்டதா என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. பள்ளிகள் திறந்துவிட்டன. குழந்தை குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து, சீருடையில் போகும் பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டது ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. தலைமையாசிரியை நெற்றி நிறையக் குங்குமம் வைத்த அம்மா. மேட்ரன் எதையும் மறைக்காமல் சொன்னார். "இங்க எந்தப் பிள்ளையையும் ரத்தம் பார்த்து நான் சேர்த்ததில்ல. இவளுக்கு மட்டும் எதுக்குப் பார்க்கணும்? டிபன் பாக்ஸ் வேண்டாம், சத்துணவு இருக்கு. தட்டு மட்டும் குடுத்தனுப்புங்க" என்றார் தலைமையாசிரியை. சில பெற்றோர் வந்து சத்தம் போட்டார்களாம். அந்த அம்மா மசியவில்லை. வெளியே வந்ததும் மேட்ரன் புளியமரத்தடியில் நின்று அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை நீட்டினார்.

அக்கா அந்த ஐப்பசி மழையில் இறந்தாள். சாவதற்குச் சில நாட்கள் முன்பு மேட்ரன் அவளிடம், "ஒனக்கு எப்படிச் செய்யணும்னு ஆச, சொல்லு" என்று கேட்டார். "எங்கம்மா எப்டி சொல்லுதோ அப்டி" என்றாள். எங்கள் கல்லறையில்தான் புதைக்கவேண்டும், பதிவேட்டில் அவள் எங்கள் ஆள் என்று செயலர் ஆள் அனுப்பினார். மேட்ரன் அந்த ஆளை உள்ளேயே விடவில்லை. அவளுடைய அம்மா சொன்னபடி ஆம்புலன்ஸில் கோவிலம்பாக்கத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. தூக்க ஆள் போதவில்லை. ஒரு பக்கம் அப்பா தோள் கொடுத்தார், மறுபக்கம் ஆம்புலன்ஸ் டிரைவரும் மேட்ரனும். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று வெட்டியான் சொன்னபோது, "அப்போ நீ வந்து தூக்கு" என்றார் மேட்ரன். அவன் வழிவிட்டான்.

அடுத்த மாதமே மேட்ரனை மாற்றினார்கள். மலையோரத்தில் ஆள் அரவமில்லாத ஒரு கிளை மருந்தகம். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவர் என்று காரணம் சொன்னார்களாம். பிரிவு உபசாரக் கூட்டம்கூட வைக்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு நாங்கள் சில நர்ஸுகளும் அப்பாவும்தான் போனோம். ரயிலில் ஏறியதும் ஜன்னல் வழியாக அப்பாவிடம், "பிள்ளைய ஒழுங்கா அனுப்புங்க. மழைன்னு நிறுத்திராதீய" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சில வருடங்கள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் நின்றுபோனது. அங்கேயே காலமானார் என்ற செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தப் பாட்டியையும் பேத்தியையும் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் குடிவைத்தார் அப்பா. அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுவிட்டார். கடவுளைத் திட்டுவதைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் யாருடைய பெயரையும் மேடையில் சொல்வதை விட்டுவிட்டார்.

செயலருக்குப் பெரிய பதவிகள் கிடைத்தன. அந்தத் தோழரின் பள்ளிக்கு இப்போது பல கிளைகள். நான் அதே ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். இவர்களுக்குப் பயந்து நான் எதற்கு வெளியேறவேண்டும்? கழுத்தில் சிலுவை தொங்கியவரின் அந்தக் கையுறையில்லாத கை அங்கே இருந்தது என்பதை இல்லை என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம். அந்தக் கையை மாற்றல் உத்தரவு கொடுத்துத் துரத்திவிட்டு, இன்று தொண்டு தொண்டு என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்களிடம் அதைவிடப் பெரிய கோபம். வயதானால் ஆறிவிடும் என்றார்கள், ஆறவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியின் ஆண்டுவிழாவுக்காக என்னைப் பேசச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் கூப்பிட்டார். பழைய விஷயங்களை எங்கேயோ கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு இப்போ நல்லா இருக்காங்களா, ஆன்ட்டி?" என்றார். நன்றாக இருக்கிறாள், மருந்தாளுநராக வேலை செய்கிறாள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இப்போ சர்ச்சுக்குப் போறாங்களா?" என்று கேட்டார். அதே வாரம் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொன்ன ஒரு தம்பியும், "அந்தப் பொண்ணு நம்ம கொள்கைதானே அக்கா?" என்று கேட்டிருந்தான்.

என் வீட்டில் வளர்ந்த பெண் அவள். அவள் யாரைக் கும்பிடுகிறாள், யாரையுமே கும்பிடுவதில்லையா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்களேன், ஆன்ட்டி" என்றார் அந்த இளைஞர்.

போனை வைத்துவிட்டேன்.